கொழுகொழு குழந்தைக்குக் கோப்பை வேண்டாம்: டர்பன் வட்டாரக் கோயில், சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் வட்டாரத் தமிழ்க் கோயில் நிர்வாகிகளுக்கும், சங்கத் தலைவர்களுக்கும், மகளிர் குழு அக்காமாருக்கும் வணக்கம்.

நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். ஆடிக் கூழ் முடிந்த கையோடு நம் பக்கத்தில் நிதி திரட்டும் நாள்கள் வரிசையாக வந்துவிடும். பிரியாணி பாக்கெட், ராஃபிள் டிக்கெட், பிள்ளைகள் குதிக்க ஜம்பிங் காசில், அப்புறம் ஒரு மூலையில் 'ஆரோக்கியக் குழந்தை' போட்டி. போட்டி என்றால் வேறொன்றும் இல்லை, ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளைத் தராசில் உட்கார வைப்பார்கள், நடுவர் அம்மா கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பார், எந்தப் பிள்ளைக்குத் தொடையில் மடிப்பு அதிகமோ அதற்குக் கோப்பை, கூடவே ஒரு பரிசுக் கூடை, கூடைக்குள் பால்பவுடர் டின்னும் பாட்டிலும் இனிப்பு போட்ட மாவு டப்பாவும். இந்த ஆண்டு அந்தப் போட்டியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். எடுத்த இடத்தில் என்ன வைக்கலாம் என்பதையும் சொல்கிறேன். அது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டாக்டர் இல்லை. கிளினிக்கில் பிள்ளைகளை நிறுத்து, நீளம் பார்த்து, 'ரோட் டு ஹெல்த்' என்ற பிள்ளை வளர்ச்சிப் புத்தகத்தில் புள்ளி வைக்கிற வேலை என்னுடையது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் இன்னும் நிறையப் பேர் படித்திருப்பார்கள், தெரியும். ஆனால் உங்கள் குழுக்களில் தமிழ் வகுப்பு எடுப்பவர்கள் இருக்கிறார்கள், இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த குருக்கள்மார் இருக்கிறார்கள், அவர்கள் வாயால் சொன்னால்தான் வீட்டு ஆயாமார், அதாவது பாட்டிமார், காதில் ஏறும். நாங்கள் சொன்னால் 'சரிம்மா சரிம்மா' என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் ரூய்போஸ் டீயில் சர்க்கரை போட்டுப் பாட்டிலில் ஊற்றுவார்கள்.

கிளினிக்கில் ஒரு ஆயாவும் என்னிடம் நீளத்தைக் கேட்டதில்லை. எடை எவ்வளவு ஏறியிருக்கிறது, போன மாதத்தைவிடக் கூடவா குறைவா, பக்கத்து வீட்டுப் பிள்ளை இதே வயதில் எவ்வளவு, இதுதான் கேள்வி. நீளம் பார்ப்பது உண்மையிலேயே சள்ளை பிடித்த வேலைதான். பலகையில் படுக்க வைத்து ஒருத்தி தலையைப் பலகையோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும், இன்னொருத்தி முழங்காலை மெல்ல அழுத்தி நேராக்கி, பாதம் செங்குத்தாக நிற்கும்போது கால்பலகையை நகர்த்திக்கொண்டு வந்து படிக்க வேண்டும், அதற்குள் பிள்ளை ஊரைக் கூட்டிவிடும். வெளியே வரிசை நீளும்போது இரண்டாவது ஆள் கிடைக்காது. அப்போது நீளக் கட்டம் காலியாகவே போகும், அல்லது கண்ணளவில் ஒரு எண் விழும். தராசுக்கு ஒரே ஆள் போதும், மூன்று நொடியில் எண் வந்துவிடும். அதனால்தான் நாடு முழுக்க எடை ராஜாவாகிவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

அதன் விளைவைக் கணக்கிலேயே பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவின் 2016ஆம் ஆண்டு மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள் நூற்றுக்கு 6 பேர். வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குன்றிப்போனவர்கள் நூற்றுக்கு 27 பேர். அதிக எடை உள்ளவர்கள் 13 பேர். மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். எடையை மட்டும் பார்த்திருந்தால் 6 பேரோடு முடிந்துபோகும். மற்றவர்களை 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று வீட்டுக்கு அனுப்பியிருப்போம். உயரம் ஏறாமல் எடை மட்டும் ஏறும் பிள்ளை பார்ப்பதற்கு உருண்டையாக, அழகாக, உங்கள் போட்டியில் கோப்பை வாங்குகிற மாதிரியே இருக்கும்.

ஆனால் எடையோடு நீளத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் கதை முடியவில்லை. 7 கிலோ உள்ள இரண்டு பிள்ளைகள், நீளமும் ஒன்றே என்று வையுங்கள். ஒன்றின் உடம்பில் ஒன்றரைக் கிலோ கொழுப்பு இருக்கலாம், இன்னொன்றின் உடம்பில் இரண்டேகால் இருக்கலாம். மீதிதான் தசை, எலும்பு, ஈரல், சிறுநீரகம், மூளை, இரத்தம், தண்ணீர் எல்லாம். அந்த முக்கால் கிலோ வித்தியாசம் தராசுக்கும் தெரியாது, நாடாவுக்கும் தெரியாது, நடுவர் அம்மாவின் விரலுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது, இத்தனை வருஷம் பிள்ளை தூக்கிய கைதான், இருந்தும் தெரியாது.

இதை நம்மவர்களிடம் குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் என்ற டாக்டரின் குழு, சுற்றுக் கிராமங்களில் பிறந்த பிள்ளைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டு 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. புனேப் பிள்ளைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. எல்லா அளவிலும் நம் பக்கத்துப் பிள்ளை சின்னதுதான், ஆனால் எல்லாமே ஒரே விகிதத்தில் சின்னதாக இல்லை. கைத்தசையும் வயிற்றுச் சுற்றளவும் நிறையக் குறைந்திருந்தன, தோள்பட்டை எலும்புக்குக் கீழே கிள்ளிப் பார்க்கிற தோல்மடிப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. அதாவது தசையைக் குறைத்துக்கொண்டு கொழுப்பைக் காப்பாற்றிக்கொண்டு பிறந்திருக்கின்றன. ஒல்லியாகத் தெரியும், உள்ளே கொழுப்பு. ஆராய்ச்சிக்காரர்கள் இதற்கு 'மெலிந்த கொழுத்த குழந்தை' என்று முரணாகவே பெயர் வைத்துவிட்டார்கள்.

அது அங்கே, கிராமத்துப் பட்டினி, நமக்கென்ன என்று கேட்பீர்கள். நம் முன்னோரை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ மதராஸிலிருந்து வந்து டர்பனில் நங்கூரம் போட்டது 1860 நவம்பர் 16. கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள் நாம், இங்கே சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, உடம்பும் மாறியிருக்கும் என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் நம்மைப் போலவே ஒப்பந்தக் கூலிகளாகத் தென் அமெரிக்காவின் சுரினாமுக்குப் போன இந்தியர்களின் நான்காம், ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைகளைப் பிறந்தவுடன் அளந்து 2009இல் வெளியிட்டார்கள், அங்கேயும் அதே மெலிந்த கொழுத்த தோற்றம்தான். கடல் கடந்து நாலைந்து தலைமுறை ஆனபின்னும் அது போகவில்லை. இங்கே நேட்டாலில் பிறக்கும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் இருக்குமா என்பதை அளந்துதான் சொல்ல முடியும். சுரினாம்காரர்கள் அளந்தார்கள்.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படித்தபோது எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. டெல்லியில் 1969க்கும் 1972க்கும் இடையில் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து அளந்துகொண்டே வந்து, அவர்கள் முப்பதை ஒட்டிய வயதுக்கு வந்தபோது சர்க்கரை பார்த்தார்கள், முடிவு 2004இல் வந்தது. சர்க்கரை வந்தவர்களும் அதன் விளிம்பில் நின்றவர்களும் இரண்டு வயது வரை பெரும்பாலும் ஒல்லிப் பிள்ளைகளாக இருந்தவர்கள், அதன்பிறகு மற்றவர்களைவிடச் சீக்கிரமாகவும் வேகமாகவும் சதை போட்டவர்கள். அவர்களில் ஒருவர்கூட 12 வயதில் 'உடல்பருமன்' என்ற அளவுக்குள் வரவில்லை. அதாவது எந்தப் பள்ளிக்கூட நர்ஸும், எந்தத் தாய் தகப்பனும் கவலைப்பட்டிருக்கவே முடியாத பிள்ளைகள்.

நம் கல்யாண வீடுகளை நினைத்துப் பாருங்கள். பந்தி போடுவதற்குக் கொஞ்சம் முன்னால் கைப்பையை எடுத்துக்கொண்டு பாத்ரூம் பக்கம் எத்தனை பேர் ஒதுங்குகிறார்கள்? அதில் எத்தனை பேர் குண்டு? இன்சுலின் பேனாவை வைத்திருக்கும் பாதிப் பேர் ஒல்லியான மாமாக்கள். 'எனக்கு எப்படி வந்தது, நான் குண்டே இல்லையே' என்பதை நம்மவர்களிடம் கேட்டுக் கேட்டு டர்பன் டாக்டர்களுக்குச் சலித்திருக்கும்.

சரி, அப்படியானால் பிள்ளைக்குச் சாப்பாட்டைக் குறைத்துவிடலாமா? கூடவே கூடாது. இதைத் தயவுசெய்து மேடையில் சத்தமாகச் சொல்லுங்கள், ஏனென்றால் இந்த மடலைப் பாதி படித்துவிட்டு யாராவது மருமகளிடம் போய் 'பிள்ளைக்குப் பால் அதிகம் கொடுக்கிறாய்' என்று ஆரம்பித்தால் பாவம் என் தலையில்தான் விழும். குழந்தைக்குக் கொழுப்பு வேண்டும். பிறக்கும்போது எடையில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் கொழுப்பு, அது நாலைந்து மாதத்தில் கால்பங்குக்கு ஏறும், பிறகு தவழ்ந்து நடக்கத் தொடங்கும்போது மெல்ல இறங்கும். இதுதான் இயல்பு. உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய பாதியை மூளையே எடுத்துக்கொள்ளும் வயது அது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைதான் முதல் சில மாதம் பால்பவுடர் பிள்ளையைவிடக் கொழுப்பு கூடுதலாக இருக்கும். ஒரு வயதாகும்போது கணக்கு திரும்பிவிடும், பால்பவுடர் பிள்ளையிடம்தான் கொழுப்பு கூட. அதனால் ஆறு மாதத்துக்குள் தாய்ப்பாலில் உருண்டையாக இருக்கும் பிள்ளையைப் பார்த்து யாரும் வாய் திறக்கத் தேவையில்லை. எந்த வயதில், எந்தப் பாலில், எந்தக் கட்டத்தில் எவ்வளவு கொழுப்பு, அதோடு சேர்ந்து தசையும் உறுப்பும் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. எத்தியோப்பியாவின் ஜிம்மாவில் பிறந்த பிள்ளைகளை இப்படி அளந்து பல வருஷம் தொடர்ந்தவர்கள், கொழுப்பு நீங்கலான எடையோடு பிற்கால மன வளர்ச்சிக்கும் தொடர்பு இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

அதை எப்படி அளக்கிறார்கள் என்று இப்போது கேட்பீர்கள். கேட்க வேண்டும், பிள்ளையைக் கொடுக்கிற தாய்க்கு அது தெரிந்தாக வேண்டும்.

ஒரு வழி, 'பீ பாட்' என்ற பெட்டி. கண்ணாடிச் சன்னல் வைத்த சின்னத் தொட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே இதமான சூடு. பிள்ளையை முதலில் துணியில்லாமல் துல்லியமாக நிறுத்து, பிறகு உள்ளே படுக்க வைத்து மூடினால் இரண்டு நிமிடம் போல எடுக்கும். பிள்ளை எவ்வளவு காற்றை விலக்குகிறது என்பதைக் காற்றழுத்த மாற்றத்திலிருந்து கணக்கிட்டு உடம்பின் கன அளவைச் சொல்லிவிடும். எடையும் கன அளவும் தெரிந்தால் அடர்த்தி தெரியும். கொழுப்பின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, தசை, எலும்பெல்லாம் அதைவிடக் கூட, அதை வைத்து எது எவ்வளவு என்று பிரித்துவிடலாம். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை. உள்ளே அழுதாலும் சிறுநீர் போனாலும் பரவாயில்லை. தலைமுடிக்குள் காற்று சிக்கினால் கணக்கு தப்பும் என்பதால் முடியை எண்ணெய் தடவியோ இறுக்கமான குல்லாய் போட்டோ படிய வைக்க வேண்டும். தேங்காயெண்ணெய் விஷயத்தில் நம் ஆயாமாருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, அந்தப் பக்கம் நாம் ஏற்கெனவே தயார். ஆனால் வெள்ளிக் காப்பு, கொலுசு, அரைஞாண் கயிறு, தாயத்து எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும், அங்கேதான் சண்டை வரும். திருஷ்டிக் கயிற்றைக் கழற்றினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அழுத தாயைப் பார்த்திருக்கிறேன், அதுவும் வெறும் தராசுக்கு. குருக்கள் ஒருவர் பக்கத்தில் நின்று 'இரண்டு நிமிஷம்தான், முடிந்ததும் நானே கட்டிவிடுகிறேன்' என்றால் அந்தச் சண்டையே இராது. இந்த மாதிரி உதவியை எந்தப் பல்கலைக்கழகமும் காசு கொடுத்து வாங்க முடியாது, உங்களால் மட்டும்தான் முடியும்.

பீ பாட் ஏறக்குறைய 8 கிலோ வரைதான் தாங்கும், அதாவது ஆறு மாதம் வரை. அதற்குமேல் வேறு வழி, டியூட்டீரியம் கலந்த தண்ணீர். இதைச் சர்வதேச அணுசக்தி முகமை பல நாடுகளில் பரப்பி வருகிறது என்றதும் சிலருக்கு வயிற்றைக் கலக்கும், அணு என்ற சொல் அப்படி. பயப்பட ஒன்றுமில்லை. டியூட்டீரியம் என்பது கொஞ்சம் கனமான ஹைட்ரஜன், கதிரியக்கம் கிடையாது, வீட்டுக் குழாய்த் தண்ணீரிலேயே இருக்கிற ஹைட்ரஜனில் பத்து லட்சத்துக்கு 150 போல அதுதான். பிள்ளைக்கு அளந்து கொஞ்சம் கொடுப்பதற்கு முன் ஒருமுறை எச்சில் எடுப்பார்கள், கொடுத்து இரண்டு மூன்று மணிநேரம் கழித்து, அது உடம்புத் தண்ணீர் முழுவதிலும் கலந்தபின், மறுபடி எடுப்பார்கள். எச்சில் எடுப்பது என்றால் கன்னத்துக்குள் சின்னப் பஞ்சை வைத்து ஊறவைப்பதுதான், பல் முளைக்கிற பிள்ளையிடம் கேட்கவே வேண்டாம், வழிந்துகொண்டே இருக்கும். டியூட்டீரியம் எவ்வளவு நீர்த்துப்போயிருக்கிறது என்று பார்த்தால் உடம்பில் மொத்தத் தண்ணீர் எவ்வளவு என்று தெரியும், கொழுப்பில் தண்ணீர் இல்லை, அதனால் மீதிக் கணக்கு எளிது.

இதே தண்ணீரைத் தாய்க்குக் கொடுத்து இரண்டு வாரம் தாயின் எச்சிலையும் பிள்ளையின் எச்சிலையும் பார்த்தால், பிள்ளை ஒரு நாளைக்கு எவ்வளவு தாய்ப்பால் குடிக்கிறது, வெளித்தண்ணீர் வேறு ஏதாவது போகிறதா என்றுகூடத் தெரிந்துவிடும். பல நாடுகளில் 'தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறோம்' என்று சொன்ன வீடுகளில் வெளித்தண்ணீரும் போயிருப்பதை இப்படித்தான் கண்டார்கள். மருமகள் பொய் சொன்னாள் என்று அர்த்தமில்லை. அவள் வேலைக்குப் போன நேரத்தில் யார் கிரைப் வாட்டர் கொடுத்தது என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த கதை.

தோல்மடிப்பைக் கேலிப்பர் என்ற இடுக்கிக் கருவியால் அளப்பது மலிவான வழி, பழகிய கை வேண்டும். எக்ஸ்ரே வகை ஸ்கேன் ஒன்று உண்டு, பிள்ளை அசையாமல் கிடக்க வேண்டும், அதை நினைத்தாலே சிரிப்புதான் வருகிறது.

அளந்தால் போதாது, எதோடு ஒப்பிடுவது? நம் ரோட் டு ஹெல்த் புத்தகத்தில் உள்ள கோடுகள் உலக சுகாதார நிறுவனம் 2006இல் கொடுத்தவை. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா என்று ஆறு நாட்டில் நன்றாக வளரும் வாய்ப்புள்ள பிள்ளைகளை அளந்து போட்டவை, நல்ல கோடுகள்தான். ஆனால் அவை எடைக்கும் நீளத்துக்கும் உரியவை, கொழுப்பையும் தசையையும் தனித்தனியாகச் சொல்லாதவை. அதற்கான கோடுகளைப் போடத்தான் அணுசக்தி முகமையின் துணையோடு ஆஸ்திரேலியா, பிரேசில், இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகள் சேர்ந்து பிறப்பிலிருந்து இரண்டு வயது வரையான பிள்ளைகளை அளந்தன. சின்னப் பிள்ளைகளுக்குப் பீ பாட், வளர்ந்தவர்களுக்கு டியூட்டீரியம். அந்த அட்டவணைகள் வந்துவிட்டன. பட்டியலில் நம் நாடும் இருக்கிறது, நம் பாட்டன்மார் வந்த நாடும் இருக்கிறது. இங்கே அந்த வேலையைச் செய்தவர்கள் ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தார். 1990இலிருந்து சொவெட்டோவில் பிள்ளைகளைப் பிறந்த நாள்முதல் தொடர்ந்து பார்த்த அனுபவம் அவர்களுக்கு உண்டு. டர்பனில் அளந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று ஆதங்கப்படுவதில் அர்த்தமில்லை. யாரும் கேட்காமல் எப்படி வருவார்கள்?

ஒரு சங்கடமான பேச்சையும் பேசித்தான் ஆக வேண்டும். உடம்பை அளந்து ஆளைப் பிரித்த நாடு இது. 1950இல் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் வந்தபின் முடிக்குள் பென்சிலைச் சொருகி நிற்கிறதா விழுகிறதா என்று பார்த்து இனம் முடிவு செய்த கதை நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். 'இந்தியப் பிள்ளையின் உடம்பு', 'ஆப்பிரிக்கப் பிள்ளையின் உடம்பு' என்று யாராவது மறுபடி கருவியை எடுத்தால் முதுகு சிலிர்ப்பது இயற்கை. அதனால் செய்தால் இப்படிச் செய்ய வேண்டும்: தாயின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையும் தொடப்படக் கூடாது, எண் தாயின் கையில்தான் போக வேண்டும், மைக்கில் படிக்கக் கூடாது, கதவு எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்க வேண்டும். ஃபீனிக்ஸுக்குப் பக்கத்தில் இனாண்டா இருக்கிறது, சாட்ஸ்வொர்த்துக்குப் பக்கத்தில் வெல்பெடாக்ட் இருக்கிறது, இரண்டும் பெரும்பாலும் ஆப்பிரிக்கக் குடும்பங்கள் வாழும் ஏழைப் பகுதிகள். முன்னே சொன்ன நூற்றுக்கு 27 என்ற சுமை அந்த மாதிரி ஏழை வீடுகளில்தான் அதிகம். நம் கோயில் மண்டபத்தில் நடக்கும் அளவை அந்தத் தாய்மாருக்கு இல்லை என்றால், அதைச் செய்யாமல் இருப்பதே மேல் என்பது என் கட்சி.

இனி அந்தப் பரிசுக் கூடை. பால்பவுடர், பாட்டில், நிப்பிள் இவற்றின் விளம்பரத்துக்கு இந்த நாட்டில் 2012ஆம் ஆண்டின் ஆர் 991 விதிகள் கடுமையான கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. அதற்கு முந்தைய ஆண்டு ட்ஷ்வானே அறிக்கையில் நாடே தாய்ப்பால் பக்கம் நிற்பதாக அறிவித்தது. அப்படியும் 2016 கணக்கெடுப்பில் ஆறு மாதத்துக்குள் தாய்ப்பால் மட்டும் குடித்த பிள்ளைகள் நூற்றுக்கு 32 பேர்தான். இந்த நிலையில் கோயில் கையால் டின்னைத் தூக்கிக் கொடுத்தால் அது அம்மனே கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. மருத்துவக் காரணத்தால் பால்பவுடர்தான் என்று ஆன தாய்மாரைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு அது டாக்டர் வழியாகப் போகட்டும். பவுடரிலேயே புரதம் கூடுதலாக இருந்தால் நல்லது என்ற நினைப்பும் இருக்கிறது. ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் பிள்ளைகளைப் பிரித்துக் கொடுத்துப் பார்த்ததில் கூடுதல் புரதப் பவுடர் குடித்தவர்களிடம்தான் ஆறு வயதில் உடல்பருமன் அதிகம் இருந்தது.

கூடையில் முட்டை வையுங்கள். பருப்பு, சுகர் பீன்ஸ், பில்சார்ட் மீன் டின், சர்க்கரை சேர்க்காத வேர்க்கடலை வெண்ணெய் வையுங்கள். ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு முட்டையும் மீனும் கோழி ஈரலும் மசித்துக் கொடுக்கலாம், அவற்றில் இரும்பு, துத்தநாகம், பி12 எல்லாம் இருக்கிறது, வெறும் மீலி (மக்காச்சோள) கஞ்சியில் அது கிடைக்காது. புரட்டாசியில் கூடையிலிருந்து முட்டையை எடுத்துவிட வேண்டுமே என்று மகளிர் குழு யோசிப்பது எனக்குத் தெரிகிறது. பெரியவர்கள் விரதம் இருங்கள், ஒன்பது மாதப் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் என்ன விரதம்? புனேயில் அதே குழு 2008இல் இன்னொன்றைக் கண்டது. கர்ப்பத்தில் ஃபோலேட் என்ற வைட்டமின் அதிகமாகவும் வைட்டமின் பி12 குறைவாகவும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆறு வயதிலேயே இன்சுலின் சரியாக வேலை செய்யாத அறிகுறி கூடுதலாக இருந்தது. சைவமாகவே இருக்கிற கர்ப்பிணி பி12 பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இதையும் குருக்கள் சொன்னால் ஒரு நிமிஷத்தில் முடியும், நான் சொன்னால் 'இவள் யார்' என்பார்கள்.

ஆக, போட்டி நடக்கும் அதே மூலையில், அதே மேசையில், இந்த ஆண்டு ஒரு நீளப் பலகையும், பயிற்சி எடுத்த இரண்டு கைகளும், தராசும், மேல்கைச் சுற்றளவு நாடாவும் இருக்கட்டும். நாடா மலிவு, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, பேச்சே இல்லை. திரை கட்டிய ஒரு ஓரம், புத்தகத்தில் புள்ளி வைத்துத் தாயிடம் அமைதியாகச் சொல்ல ஒரு ஆள். எடை மட்டும் அல்ல, நீளமும் இரண்டுக்குமான விகிதமும். இது பீ பாட் இல்லை, கொழுப்பைச் சொல்லாது, ஆனாலும் கன்னம் கிள்ளுவதைவிட நூறு மடங்கு மேல். பயிற்சிக்கு நானும் என்னோடு வேலை பார்க்கும் ஒரு சகோதரியும் வருகிறோம், காசு வேண்டாம்.

பெரிய வேலை உங்கள் லெட்டர்ஹெட்டில்தான் இருக்கிறது. குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்துக்கு, டர்பனில் உள்ள மருத்துவப் பள்ளிக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள உணவியல் துறைக்கும், எல்லாக் கோயிலும் சங்கமும் சேர்ந்து ஒரே கடிதம் போடுங்கள். எங்கள் வட்டாரத்துத் தாய்மாரைப் பேசிச் சம்மதிக்க வைக்க நாங்கள் தயார், மண்டபம் தயார், காப்பும் கயிறும் கழற்ற எங்கள் குருக்கள் தயார், எங்கள் பிள்ளைகளின் உடம்பில் கொழுப்பு எவ்வளவு தசை எவ்வளவு என்று பிறப்பிலிருந்து இரண்டு வயது வரை அளந்து தாருங்கள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் சேர்த்து, என்று கேளுங்கள். ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கருவியைவிடக் கஷ்டம் ஆள் கிடைப்பது, அதுவும் இரண்டு வருஷம் விடாமல் திரும்பி வருகிற ஆள். மாதம் தவறாமல் கோயிலுக்கு வருகிற குடும்பங்கள் உங்களிடம் இருக்கின்றன, அவர்களிடம் இல்லை.

கோப்பைக்கு ஏற்கெனவே ஆர்டர் கொடுத்துவிட்டோம் என்று ஒரு சங்கத்தில் சொன்னார்கள். பரவாயில்லை, அதைத் தவழும் பந்தயத்துக்கு வையுங்கள், சிரிக்கவாவது சிரிப்போம். நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதை எடுப்பதாக இருந்தால் ராஃபிள் கணக்குக்கு முன்னால் எடுங்கள், ராஃபிளுக்கு அப்புறம் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. எனக்கு முன்கூட்டியே சொன்னால் நீளப் பலகையைக் காரில் போட்டுக்கொண்டு வருகிறேன், சனிக்கிழமை மட்டும் கிளினிக் முடிந்து பதினொன்றுக்கு அப்புறம்தான் வர முடியும்.